‘நெருங்கிய உறவினர்’ யார் என்ற பெரும்போர்

வவுச்சர்க் கட்டுகள் காற்றில் படபடக்க, ஸ்டேப்ளர் முழங்க, கால்குலேட்டர் கண்சிமிட்டக் களம் புகுந்த வீரமங்கையை முதற்கண் வாழ்த்துவோம். கூட்டலில் கோட்டைவிடாக் கோமகள். கழித்தலில் கருணை காட்டாக் கற்சிலை. ரசீதில்லாச் செலவைக் கண்டால் இடப்புருவத்தை மட்டும் உயர்த்தி எதிரியின் நாவை உலரவைக்கும் புருவவில்லாள். கணக்காளர் என உலகோர் மொழிய, ‘கணக்கு மேடம்’ எனக் கமிட்டியோர் விளிக்க, கோப்பே கேடயமாய், சிவப்புப் பேனாவே வேலாய் அந்தப் பிற்பகலில் அவர் வந்தார்.

களம் எதுவெனக் கேட்பீராயின், நோயாளிகளுக்கும் கால் முறிந்தோருக்கும் சக்கர நாற்காலிகளை இரவல் தரும் ஒரு சிறு சங்கத்தின் கிடங்கு. அலுவலகமும் அதுவே, கூட்ட அரங்கும் அதுவே. ஊன்றுகோல்கள் ஈட்டிகளெனச் சுவரில் சாய்ந்திருக்க, வாக்கர்கள் காலாட்படையென அணிவகுத்திருக்க, உட்காருவதற்கென்று வேறு நாற்காலி ஒன்றுகூட இல்லாத காரணத்தால் கமிட்டியினர் ஐவரும் சக்கர நாற்காலிகளிலேயே வீற்றிருந்தனர். ஆகவே அன்று நிகழ்ந்தது தேர்ப்போர்.

தேர்களின் நடுவே தலைவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப்பேரைச் சாலையில் இறக்கிவிட்ட சாரதிகளின் ஆசான். அவர் கையெழுத்தோ இடப்புறம் கிளம்பி, மேடேறி, மும்முறை சுழன்று, காசோலையின் விளிம்பில் வந்து பிரேக் அடித்து நிற்கும் பெருங்கையெழுத்து. அதைப் போடும்போது அவர் முகத்தில் தோன்றும் பொலிவைக் காணவே வங்கிக் காசாளர் கழுத்தை நீட்டுவார். அவருக்கு வலப்புறம் பொருளாளர், மருந்துக்கடை அம்மா. மற்றவர்க்கெல்லாம் இரவல் தேர். சிறுவயது முதல் நடக்க இயலாத அவருக்கு மட்டும் சொந்தத் தேர். ஆகையால் நினைத்த கணத்தில் நின்ற இடத்திலேயே திரும்பவல்ல ஒரே தேராளி அவர்தான். இடப்புறம் தலைவரின் சகலையான பார்சல் ஆபீஸ்காரரும், பொருளாளரின் தம்பியான பல் டாக்டரும். மூலையில் செயலாளர், டெய்லர். யாருக்கும் எந்த வகையிலும் சொந்தமில்லாத தனியர்.

இவர்கள் கூடியது எதற்காக? ஒரு நிறுவனம் இச்சங்கத்துக்கு வேன் ஒன்று வழங்க இசைந்திருந்தது. நாற்காலியை ஆளோடு அப்படியே தூக்கி ஏற்றும் மேடை பொருந்திய வேன். அதுவரை நாற்காலிகள் தலைவரின் காரின் மேல் கயிற்றால் கட்டப்பட்டு, முன்னே ‘எல்’ போர்டு ஆட, பின்னே ஹாரன்கள் வசைபாட, நோயாளிகளின் வீடு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. வேனுக்கு நிறுவனம் விதித்த நிபந்தனை ஒன்றே: நிதி, கணக்கு, நிர்வாகம் ஆகியவற்றுக்கான விதிகளை எழுத்தில் வடித்து, கமிட்டி ஏற்று, அன்று மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும்.

போர் தொடங்கியது. சில்லறைச் செலவு அத்தியாயம் எதிர்ப்பின்றி வீழ்ந்தது. இருப்புப் பதிவேட்டு அத்தியாயம் கதவைத் தானே திறந்துவிட்டது. எந்தப் பொருளுக்கும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும் என்ற விதியின் வாயிலில் மட்டும் பார்சல் ஆபீஸ்காரர் தம் தேரைக் குறுக்கே நிறுத்தினார்.

“ஒரு ஸ்க்ரூ வாங்கக்கூட மூணு கடை ஏறணுமா மேடம்?”

கணக்கு மேடம் புருவத்தை உயர்த்தினார். தேர் பின்னோக்கி உருண்டது.

இவ்வாறு வெற்றிமேல் வெற்றி சூடி, இன்னும் சற்று நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்னும் இன்பக் கனவு அவர் நெஞ்சில் அரும்பிய வேளையில் வந்தது அந்த வரி: ‘நெருங்கிய உறவினர் இருவர் ஒரே காசோலையில் கையொப்பமிடலாகாது.’

பல் டாக்டர் கை தூக்கினார். “நெருங்கியன்னா எவ்ளோ நெருக்கம் மேடம்?”

கிடங்கிலிருந்த கண்களெல்லாம் தலைவர்மேலும் பொருளாளர்மேலும் திரும்பின. ஏனெனில் சங்கத்தின் காசோலைகள் அனைத்திலும் கையொப்பமிட்டு வந்தவர்கள் தலைவரும் பொருளாளரும். தலைவரின் மகன் கைப்பிடித்ததோ பொருளாளரின் மகளை.

பொருளாளரின் திறமைமேல் தலைவருக்கு அளவிலா மதிப்பு. அவரை இழக்கலாகாது என்னும் நல்லெண்ணம் உந்தித்தள்ள, பின்விளைவு அறியாத பெருமான் தேரை முன்செலுத்தி முழங்கினார்: “சம்பந்தியெல்லாம் இதுல வராது மேடம். பிள்ளைங்கதான் சொந்தம். நாங்க சும்மா, தெரிஞ்சவங்க.”

‘தெரிஞ்சவங்க’ என்ற சொல் வில்லை விட்டு நீங்கிய அக்கணமே அவர் தம் பிழையை உணர்ந்தார். ஆனால் சொல்லுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. சொந்தத் தேர் நின்ற இடத்திலேயே சுழன்று அவரை நேர்நோக்கியது.

“என் பொண்ணு உங்க வீட்ல இருக்கா. நான் உங்களுக்குத் தெரிஞ்சவளா?”

“அப்படி இல்ல சம்பந்தி அம்மா, ரூலுக்காகத்தான்…”

“எழுதிக்கோங்க மேடம். சம்பந்தி நெருங்கின சொந்தம். அக்கா, தம்பி, சகலை, ஓரகத்தி, நாத்தனார், கொழுந்தனார், ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டது, ஒண்ணு விடாம எழுதுங்க.”

அம்புமாரி பொழிந்தது. ‘தம்பி’ பாய்ந்து பல் டாக்டரைச் சாய்த்தது; அதிர்ச்சியில் அவர் பின்வாங்க, பிரேக் பிடிக்காத அவர் தேர் வாக்கர் படைக்குள் புகுந்து ஒன்று நீங்கலாக அணிவரிசை முழுவதையும் கலகலவெனக் கவிழ்த்தது. ‘சகலை’ பார்சல் ஆபீஸ்காரரின் மார்பைத் துளைத்தது. அவரோ எளிதில் வீழ்பவர் அல்லர்.

“சகலைன்னா பெரிய நெருக்கம் ஒண்ணும் கெடையாது மேடம். இவரு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டே ரெண்டு வருஷம் ஆச்சு.”

இரண்டாம் காயம்பட்ட தலைவர் இருதரப்பையும் மாறிமாறி நோக்கினார். பழுதுபார்க்கக் காத்திருந்த நாற்காலி ஆகையால் தேர் நேராகப் போகாமல் வட்டமடித்தது.

நம் நாயகியின் நிலையை என்னென்பேன். தம் வீட்டுச் சமையல் மேடைமேல் லேப்டாப்பை வைத்து, பருப்பு வேகும் இடைவெளியில், எங்கிருந்தும் வம்பு வராத சாதுவான வரியென நம்பி எழுதிய வரி அது. இப்போது அது ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. இன்றிரவு அந்த மருமகள் தன் மாமனாருக்கு என்ன முகத்தோடு சோறு போடுவாள்? அடித்துவிடலாமா என்று சிவப்புப் பேனா அவர் விரலிடையே துடித்தது. உறவினர் பற்றிய விதி இல்லாத ஏட்டை நிறுவனம் ஏற்காது; அடித்தால் வேன் இல்லை. அடிக்காவிட்டால் சம்பந்தம் இல்லை. சன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பேனாவை மூடினார். புருவத்தைத் தாழ்த்தினார். சாய்ந்திருந்த சுவரை விட்டு நிமிர்ந்து நின்று, எப்போதும் இல்லாத மெல்லிய குரலில் தம் ஒரே பிரகடனத்தை வெளியிட்டார்.

“இந்த வரி யாரையும் திருடன்னு சொல்லலைங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீங்கன்னு சொல்லுது. அவ்ளோதான்.”

வட்டமடித்த தேர் நின்றது. தலைவர் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். எத்தனை காசோலைகள், எத்தனை சுழிகள். பிறகு அதைக் கோப்பின் மேல் வைத்தார். முடியைத் துறக்கும் மன்னரும் மகுடத்தை அவ்வளவு பதனமாக இறக்கிவைத்திருக்க மாட்டார்.

“நெருக்கம்தான். அப்படியே எழுதிக்குங்க மேடம். சம்பந்தி அம்மா போடட்டும், நான் விட்டுடறேன்.”

பொருளாளர் தம் தேரை அவர் தேரருகே ஒட்டி நிறுத்தினார்.

“நாளைக்கு வீட்டுக்கு வரேன். என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.”

“என்னையும் கூப்பிடலாம்,” என்றார் பார்சல் ஆபீஸ்காரர். “நீயும் வாய்யா,” என்றார் தலைவர்.

சமாதானம் மலர்ந்தது. ஆனால் இரண்டாம் கையொப்பத்துக்கு ஆள்? சம்பந்தியின் சகலையும் சம்பந்தி முறையே ஆகிவிட, உறவு அம்பு தைக்காமல் களத்தில் எஞ்சியவர் டெய்லர் ஒருவரே. அந்தோ, அவர் கையெழுத்து ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது; அவருடைய சொந்தக் கணக்கிலேயே வங்கி அவரை அவரென்று நம்ப மறுத்திருந்தது. “எனக்கு சாக்பீஸ்தாங்க வரும், பேனா வராது,” என்று அவர் மூலைக்குள் மேலும் பின்வாங்கினார்.

முடிதுறந்த தலைவர் சிலிர்த்தெழுந்தார். தேரை உருட்டி டெய்லரின் பக்கத்தில் அணைத்து நிறுத்தி, சாரதிகளின் ஆசான் தம் பிறவிப்பயனை எய்தினார்.

“பதறாதீங்க. மெதுவா எடுங்க. இப்ப லெஃப்ட்ல வளைங்க. அவசரம் வேணாம், ரோடு காலியாத்தான் இருக்கு. ம், இப்ப நிறுத்துங்க.”

தாள்மேல் தாள் நிரம்பியது. முதலில் புழுவாய் நெளிந்தது, பின்னர்க் கொடியாய்ப் படர்ந்தது, கடைசியில் ஒன்றையொன்று உரித்துவைத்ததுபோல் மூன்று கையெழுத்துகள் வரிசையாக வந்து நின்றபோது, ஐவரும் கைதட்டிய ஓசையில் எஞ்சியிருந்த வாக்கர் ஒன்றும் கவிழ்ந்தது.

கைகள் உயர்ந்தன. விதிகள் ஏற்கப்பட்டன. பக்கந்தோறும் கையொப்பம் பொறிக்கப்பட்டது, கைபேசியில் படமும் எடுக்கப்பட்டது. வீழ்ந்த படைகளின் நடுவே, மாலை வெயில் மகுடம் சூட்ட, ஐந்து தேர்களும் மூச்சடக்கிச் சூழ்ந்து நிற்க, பகை வென்று உறவு காத்த கணக்கு மேடம் தம் வெற்றிவிரலை உயர்த்தி மின்னஞ்சலின் ‘அனுப்பு’ என்னும் அப்பெரும் பொத்தானை அழுத்தினார்.

ஃபைலை இணைக்க மறந்துவிட்டதால், மறுபடியும் ஒருமுறை அனுப்பினார்.