லப்டப் நிறுத்திய கல்யாணங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் லப்டப் அளவுக்குக் கல்யாணங்களை நிறுத்தியவர் வேறு யாரும் கிடையாது. நிறுத்தியதெல்லாம் நாய்களின் கல்யாணம் என்பதால் யாரும் போலீசுக்குப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரிமங்கலத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடி, "லப்... டப்... லப்... டப்..." என்று வாய்விட்டுச் சொல்வார். தலையும் கூடவே ஆடும். சந்தை நாளில் டாக்டர் மாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இவர் ஓரமாகக் குந்திக்கொண்டு ஏதாவது ஒரு நாயின் நெஞ்சுக்குள் கச்சேரி கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போது ஊரெங்கும் வெள்ளைப் பாமரேனியன் மோகம். எங்கள் வீட்டிலும் ஜூலி என்று ஒன்று. அவளுக்கு ஒன்றரை வயதானபோது குட்டி கேட்டு ஏழெட்டுப் பேர் சொல்லி வைத்திருந்தார்கள். பிறக்காத குட்டிகளை என் மனைவி யார் யாருக்கு என்று பிரித்தும் விட்டாள். தடுப்பூசி போடப் போன இடத்தில் வாய் தவறி லப்டப்பிடம் சொல்லிவிட்டேன்.

"இப்ப வேணாங்க சார்."

"ஏன், ஜூலிக்கு ஏதாவது கோளாறா?"

"இருக்குதா இல்லையான்னு இப்பத் தெரியாதுங்க. அதான் கோளாறே. நெஞ்சுக்குள்ள ஒரு கதவு இருக்குது பாருங்க, இந்தச் சின்ன ஜாதி நாயிங்கள்ல சிலதுக்கு அது வயசாவ ஆவத் தளந்துரும். நம்ம காதுக்குத் தெரியறதுக்கு அஞ்சாறு வயசு ஆயிடும். அதுக்குள்ள நாலு ஈத்து போட்டிருக்கும். குட்டிங்களுக்கும் அதே சீக்கு வரும்."

"அப்போ ஆறு வயசு வரைக்கும் காத்திருக்கணுமா?"

"ஆறு வயசுல சினை எங்கங்க நிக்கும்? நின்னாலும் தாய்க்கு ஆபத்து."

"பிறகு என்னதான் செய்யறது?"

"எனக்கும் அதே ரோசனைதாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நாயிடம் போய்விட்டார்.

ரோசனை ஆறு மாதம் ஓடியது. ஜூலி மறுபடி பருவத்துக்கு வந்தபோது, லப்டப் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். அவளைப் பெற்றவர்களின் நெஞ்சைக் கேட்டால் அவள் நெஞ்சு எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாமாம். "ரெண்டும் உசுரோட இருக்குதுங்களா? எந்த ஊரு? என்ன வயசு?" எனக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட என் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை.

தாய் மொரப்பூரில் ஒரு ரயில்வே ஊழியர் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போய் இறங்கினோம். "உங்க நாயி நெஞ்சைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போயிடறோங்க," என்றார் லப்டப். அந்த வீட்டம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கணவர் டூட்டி முடிந்து வரும்வரை வெயிலில் நின்றோம். ஏழு வயது நாய். லப்டப் கேட்ட கேட்பில் அதற்குத் தூக்கமே வந்துவிட்டது. பாதியில் ஒரு கூட்ஸ் வண்டி தடதடத்துப் போனது. அது போய் முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் சிரித்தார். தகப்பன் அடுத்த தெருவிலேயே அகப்பட்டான். அவனும் பாஸ்.

அடுத்து மாப்பிள்ளை. மாரண்டஹள்ளியில் அரிசி மில் முதலாளி ஒருவர் டைகர் என்று ஒன்று வைத்திருந்தார். ஐந்து வயது, பால் நிறம், ராஜநடை. முதலாளி நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். லப்டப் டைகரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"லப்... உஸ்... டப். லப்... உஸ்... டப்."

"என்னய்யா அது உஸ்ஸு?" என்றார் முதலாளி.

"கதவு சரியா மூடலைங்க. ரத்தம் பின்னால கசியுது. இவனை இணை சேக்காதீங்க. ரொம்ப ஓட வுடாதீங்க."

"மாட்டுக்கு ஊசி போடற ஆளு என் டைகருக்குச் சீக்குன்னு சொல்றியா? எந்திரிச்சுப் போய்யா!"

காபி பாதியில் நின்றது. பஸ் காரிமங்கலத்தை நெருங்கும்போது லப்டப் சொன்னார். "காபி நல்லா இருந்துச்சுங்க."

அதற்கப்புறம் வந்த வரன்களையும் ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒன்றுக்கு வயது போதாது, ஒன்றுக்குத் தாய் யாரென்றே தெரியாது. ஜூலிக்கு நான்கு வயது நெருங்கியது. என் மனைவி பொறுமை இழந்து அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"நாய்க்குக் கல்யாணம் ஆவறதுக்குள்ள எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் வந்துரும். அடுத்த வாரம் பக்கத்துத் தெரு நாயோட வுடப்போறேன். நீங்க தலையிடாதீங்க."

லப்டப் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"எங்க வூட்ல ராணின்னு ஒண்ணு இருந்துச்சும்மா. ரெண்டு வயசுலயே அவசரப்பட்டு வுட்டேன். அஞ்சு குட்டி. அஞ்சையும் பழகினவங்களுக்கே குடுத்தேன். எட்டு வயசுல ராணிக்கு நெஞ்சுக் கதவு தளந்து, இருமி இருமிச் செத்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா குட்டிங்களும் இருமுச்சு. அஞ்சு வூட்லயும் என்னையத்தான் கூப்ட்டாங்க."

மனைவி உள்ளே போய்க் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அடுத்த வாரமே மாப்பிள்ளை கிடைத்தான். பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டு நாய். பெயர் சிப்பாய். ஏழு வயது, பழுப்பேறிய வேட்டி நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும்.

"இதுவா மாப்பிள்ளை?" என்றாள் மனைவி.

"உள்ள மணி மாதிரி அடிக்குதும்மா," என்றார் லப்டப்.

இரண்டே குட்டிகள் பிறந்தன. வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குட்டிகள் பால் மறந்த சமயத்தில் மாரண்டஹள்ளி டைகர் ஓடி விளையாடும்போதே விழுந்து செத்துப்போனதாகச் செய்தி வந்தது. லப்டப் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஒரு குட்டி குடுங்கம்மா. மில்லுக்காரருக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன். மனுசன் சோறு சாப்பிடறதில்லையாம்."

"உங்களை வெளிய போன்னு சொன்னவருக்கா?"

"அந்தாளுக்கு நாயின்னா உசுருங்க."

ஒயர் கூடையில் துண்டு விரித்துக் குட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முதலாளி என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலைங்க. இந்தத் தடவை காபி முழுசாக் குடிச்சேன்," என்றார். இன்னொரு குட்டி என் மைத்துனன் வீட்டுக்குப் போனது. லப்டப் தனக்கென்று ஒன்று கேட்கவே இல்லை.

பிறகு எனக்குச் சேலத்துக்கு மாற்றலானது. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் ஜூலிக்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு லப்டப் வந்து நிற்பார். ஜூலியின் நெஞ்சைக் கேட்பார், சாப்பிடுவார், பஸ் ஏறிவிடுவார். எங்களிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

ஜூலி பதின்மூன்று வயது வரை இருந்து, ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டாள். அவருக்கு எழுத எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. அந்த வருஷமும் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். சொன்னோம். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். வழக்கமான பஸ்ஸுக்கே கிளம்பினார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனாலும் மறு வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிறன்று, என் மனைவி காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பதினொரு மணி பஸ்ஸில் அவர் வந்தார்.