இரண்டு விரல்கடை தூரம்

"இன்னும் ரெண்டே விரல்கடைதான்!" என்று மூச்சு முட்டக் கத்தினார் சூப்பர்வைசர். மடக்கிய முழங்காலைச் சுற்றி வலது கை முதுகுக்குப் போயிருந்தது. இடது கை மறுபக்கமாக வந்திருந்தது. இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் போல விலகியே நின்றன.

"ரெண்டு விரல்கடை இல்ல அத்தான், முழுசா ஒரு சாண்" என்றான் மைத்துனன், சோபாவில் சாய்ந்தபடி.

பார்சல் கம்பெனியில் பேக்கிங் பிரிவைக் கட்டி மேய்க்கும் அவர், சொந்த விஷயத்தில் எதையும் முழுசாக முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கிடார் பரண்மேல் கிடந்தது. நீச்சல் தொப்பியில் வெங்காயம் இருந்தது. அஷ்டாங்க யோகா மட்டும் ஆச்சரியமாகப் பதினோரு மாதம் தாக்குப்பிடித்து, முழங்காலைச் சுற்றிக் கைகளை முதுகுக்குப் பின்னால் கோக்கவேண்டிய மரீச்சியாசனத்தில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த வகுப்பில் ஆசனங்கள் வரிசையாகத்தான் வரும். ஒன்று சரியாக வந்தால்தான் மாஸ்டர் அடுத்ததைக் கொடுப்பார். மாஸ்டர் கறார் பேர்வழி. மழமழவென்று மழித்த முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. தினமும் காலையில் இவர் கை சேராமல் தவிக்கும்போது தோளைத் தட்டி, "போதும், இங்கேயே நிறுத்துங்க" என்பார். இவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"இதுவும் பாதியிலதானே?" என்று போன வாரம் மைத்துனன் சீண்டப்போய், "ஞாயித்துக்கிழமைக்குள்ள அடுத்த ஆசனத்தை வாங்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்டா!" என்று வாயை விட்டுவிட்டார். இருபது வருடம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை. இன்று ஞாயிறு. ஒன்பது மணிக்கு வகுப்பை மூடிவிடுவார்கள். மைத்துனன் ஷேவிங் செட்டோடு வந்திருந்தான்.

இரு கைக்கும் நடுவே கைக்குட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது கிழிந்தது. உடம்பு வழுக்கினால் கை எட்டும் என்று எண்ணெய் பூசினார். எட்டியது. எட்டிய வேகத்தில் வழுக்கிப் போய் பூ ஜாடியை உடைத்தது.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது.

"என் பையில பார்சல் கட்டற பிளாஸ்டிக் பட்டை இருக்கு பாரு. மணிக்கட்டு ரெண்டையும் சேர்த்து இழுத்துக் கட்டு. கொஞ்ச நேரம் இருந்தா கை பழகிடும்."

மைத்துனன் காலை முட்டுக் கொடுத்து இழுத்தான். 'டக்' என்று கிளிப் பூட்டிக்கொண்டது. விரல்கள் தொட்டன. கோத்தும் கொண்டன.

"சேர்ந்துடுச்சுடா!" சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, இப்ப அவுத்து விடு."

"எப்படி அத்தான் அவுக்கறது?"

அவிழாது. அவிழவே அவிழாத பட்டைதான் வேண்டும் என்று கம்பெனியில் சண்டை போட்டு வாங்கியதே அவர்தான். மைத்துனன் கத்தரிக்கோலை வைத்து நெம்பியதில் கத்தரிக்கோல் இரண்டாகப் போனது.

"என்னங்க இது கோலம்?" என்று வந்து நின்றாள் மனைவி.

"மணி எட்டே முக்கால்! இப்படியே என்னை வகுப்புக்குத் தூக்கிட்டுப் போங்க. மாஸ்டர் கண்ணால பார்க்கட்டும்!"

காருக்குள் அந்த வடிவம் நுழையவில்லை. வாசலில் கிடந்த கம்பெனித் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, மானத்துக்குப் பயந்து மனைவி மேலே போர்வை போர்த்தினாள். மைத்துனன் தன் பங்குக்கு, 'கவனம், உடையும் பொருள்' ஸ்டிக்கரை ஒட்டினான்.

"புது ஃபிரிட்ஜா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"இல்லக்கா, பழைய வீட்டுக்காரர்தான்."

வகுப்பு காலியாக இருந்தது. மாஸ்டர் மின்விசிறியை அணைத்துக்கொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கும் அம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கியதும் மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். அந்த அம்மாதான் பதறாமல் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தாள்.

பட்டை விழுந்தது. கைகள் விழவில்லை. கோத்த விரல்கள் கோத்தபடியே, தாமாக, முதுகுக்குப் பின்னால் உறுதியாக நின்றன. சூப்பர்வைசர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை முடித்திருந்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள்.

"அடுத்த ஆசனத்தைக் குடுங்க மாஸ்டர்!"

மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். விரல்களைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "அது... இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே" என்றார்.

"ஏன்? கைதான் சேர்ந்துடுச்சே!" என்றாள் மனைவி, விடாமல்.

"அதானே? சொல்லுங்க மாஸ்டர்" என்றான் மைத்துனன், ஷேவிங் செட்டைத் திறந்துகொண்டே.

மாஸ்டரின் விரல் தானாகத் தன் மேலுதட்டைத் தடவியது. கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மனைவியிடம் சொன்னாள்:

"அவரை ஏம்மா வாட்டறீங்க? அவரு தன் குருகிட்ட கத்துக்கப் போற இடத்தையும் நான்தான் கூட்டறேன். ஒன்பது வருஷமா அவருக்கும் இதே ஆசனத்துலதான் கை சேரலை. போன வருஷம் மீசையைக்கூட எடுத்துட்டாரு."