ஒன்பதாம் நம்பருக்கு நாற்பது பேர்

"கையெழுத்து வேண்டாம். கைநாட்டு வைக்கிறேன்" என்றார் பூட்டுக்காரர்.

பஸ் பயணிகள் சங்கத்தின் செயலாளர் டீச்சரம்மா விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். "உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே?"

"தெரியும். கையெழுத்தை எவன் வேணாலும் பாத்துப் போட்டுடுவான். கட்டைவிரலை எவன் போடுவான்?"

நாற்பது வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சாவி தொலைந்துவிட்டது என்று வந்து நின்றவர்களில் எத்தனை பேர் அடுத்தவன் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் என்று அவருக்குத்தான் தெரியும். சங்கம் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனுஷன். ஆனால் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களாம். அதுதான் மகள் வீட்டுப் பக்கம் போகிற ஒரே பஸ். பேரன் பிறந்து மூன்று மாதம். பஸ் நின்றுபோனால் இதே ஊரிலிருக்கும் சம்பந்தியின் காரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை அதில் ஏறினார். "செருப்பைத் தட்டிட்டு ஏறுங்க சம்பந்தி" என்று அவர் சொன்னது இன்னும் காதைக் குடைகிறது.

போக்குவரத்து அதிகாரி டீச்சரம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் பாக்குறோம். தினம் நாப்பது பேர் ஏறினா பஸ் ஓடும். இல்லேன்னா கிடையாது."

சங்கத்தில் பூட்டுக்காரரையும் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவர் வெளியூர்.

பூட்டுக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "சங்கத்துல சேர்ந்தா எனக்கு என்னண்ணே கிடைக்கும்?"

"பாஸ் கிடைக்கும். மாசம் பூரா டிக்கெட்டே எடுக்க வேண்டாம்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னைக் கேக்காம இப்படி வாக்குக் கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே?" பாவம், அந்த அம்மாதான் ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்து சங்கத்துக்காரர்களுக்கு மட்டும் சலுகைப் பாஸ் வாங்கி வந்தார். நான்கே நாளில் உறுப்பினர் நாற்பத்தெட்டு.

நாற்பத்தொன்பதாவதாக வந்து நின்றவர் சம்பந்தி.

"கார் வெச்சிருக்கிற உங்களுக்குப் பஸ் சங்கத்துல என்ன வேலை?"

"கண்ணு மங்கிடுச்சு சம்பந்தி. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

"அப்படியா. விசாரிக்கணும்" என்று சொல்லி விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பூட்டும் அவர் கொண்டுவந்ததுதான்.

திங்கட்கிழமை பஸ் பிதுங்கியது. பூட்டுக்காரர் முன்படியில் நின்று தலைகளை எண்ணினார். பாஸை மறந்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போனவர்களை அப்படியே திருப்பி அனுப்பினார். "போய் எடுத்துட்டு வா. டிக்கெட் எடுத்தா நம்ம சங்கத்துக்கே கேவலம்."

கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "பெரியவரே, இந்தப் பாஸ் விஷயமா ஒண்ணு சொல்லணும்…"

"நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். டிக்கெட்டை எங்க தலையில கட்டலாம்னு பாக்குறே. போப்பா, போய் வேலையைப் பாரு."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுப் பின்படிக்குப் போனார்.

சம்பந்தியும் தினமும் வந்தார். சத்தமில்லாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பூட்டுக்காரர் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். வேவு பார்க்க வந்தவனுக்கு என்ன பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை கடைசி நடை. மகள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது பூட்டுக்காரர் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். வாரத்துக்கு முந்நூறு தலைக்குக் குறையாது.

"என்னப்பா, உன் மெஷினைத் தட்டிப் பாரு. எத்தனை பேருன்னு காட்டுது?"

கண்டக்டர் மெஷினைத் தட்டி நீளமான சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"மெஷினுக்குப் பாஸ் தெரியாது பெரியவரே, டிக்கெட்தான் தெரியும். ஆபீஸுக்குப் போறதும் இந்தக் கணக்குதான். ஏழு நாளும் இந்த பஸ்ல வந்தது ஒரே ஒரு ஆளாம். அதோ, ஜன்னலோரமா உக்காந்திருக்காரே, உங்க சம்பந்தி."