அபூசாலியின் நாலு ஏக்கரும் சட்டமா அதிபரும்

நற்பிட்டிமுனை,
வெள்ளிக்கிழமை

அன்பின் மச்சான் முத்தலிப்புக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் காவலில் என் மனைவியான உங்கள் ராத்தாவும் மகள் ஸம்றாவும் நானும் சுகம். கொழும்பில், பாராளுமன்றக் குழுவின் காரியாலயத்தில், நீங்களும் உங்கள் கதிரையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

அரசாங்க வழக்குகள் ஏன் இழுபடுகின்றன என்று உங்கள் குழு வரும் மாதம் அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரை அழைத்து விசாரிக்கப்போவதாகப் பேப்பரில் கண்டேன். உடனே இரண்டு ரக்அத் தொழுதேன். நமது நாலு ஏக்கர் வயலுக்குள் ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட, நான் அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டு ஒன்பது வருஷம், ஒவ்வொரு தவணையும் அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "கொழும்புல சட்டமா அதிபர்ட்டருந்து ஆலோசனை இன்னும் வரல்ல" என்று சொல்ல, முதலில் வந்தவர் மாற்றலாகிப் போக, அடுத்து வந்த பிள்ளை கலியாணம் முடித்துப் போக, போன தவணை வந்தவர் என்னிடமே, "ஐயா, இது என்ன வழக்கு?" என்று கேட்க, நான்தான் அவருக்கும் விளக்கம் சொன்னேன். வயலில் புல் இடுப்பளவு நிற்கிறது மச்சான், பாக்க வயிறு எரியுது. பக்கத்து வயல் சீனித்தம்பி, "இது முடியக்குள்ள நாம ரெண்டு பேரும் இருக்கமாட்டம் காக்கா" என்கிறார்.

ஆகவே, "அபூசாலியின் கோப்பை ஏன் இன்னும் திறக்கவில்லை?" என்று ஒரேயொரு கேள்வி கேட்கச் செய்யுங்கள். சட்டத்துக்கே தலைவரானாலும் மக்கள் சபைக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். இதில் நான் பின்வாங்கமாட்டேன்.

உங்கள் உத்தியோகத்திலும் பிள்ளைகளிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக.

இப்படிக்கு,
மச்சான் அபூசாலி

பி.கு: இத்துடன் வைக்க வயல் உறுதிப் பத்திரத்தைத் தேடினேன். ஸம்றா தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, "வாப்பா, என்ட கலியாணத்துக்கு வீட்டோட சேத்து வயலையும் எனக்குத்தானே எழுதினீங்க?" என்றாள். கல் நடுவதற்கு முந்திய வருஷத்துத் திகதி. கோர்ட்டில் நான் கொடுத்தது என் வாப்பாவின் பழைய உறுதி. மகளுக்குச் சீதனம் எழுதியது எனக்கு ஞாபகம் இருந்தது மச்சான். எழுதினால் வயல் என்னுடையது இல்லை என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. ஊரில் எந்த வாப்பாவுக்கு இருக்கிறது? அவள் பேரில் புதிதாக வழக்குப் போட இரண்டு மாதம் வேண்டும், அதற்குள் வயல் என் பேரில் இல்லை என்று எதிர்த்தரப்பு கண்டால் இருக்கிற வழக்கும் தள்ளுபடி என்கிறார் நமது சட்டத்தரணி. ஆகையால் கேள்வி வேண்டாம். கேட்டால் கோப்பைத் திறப்பார்கள், திறந்தால் வாசிப்பார்கள், வாசித்தால் காணிப் பதிவையும் பார்ப்பார்கள், பிள்ளையின் வயல் போய்விடும். அந்த இரண்டு மாதமும் சட்டமா அதிபரை ஒருவரும் கரைச்சல் படுத்தாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.