அம்மாவின் புருவமும் மாமாவின் மீசையும்

பெருமதிப்பிற்கும் பெருமீசைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், நீங்கள் ‘வாலு’ என்று கூப்பிடும் அதே பிராணி, எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, பூனை நால்வரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் உங்கள் மீசையின் சுகத்தையும் தனித்தனியாகத் தெரிவிக்கவும். மீசையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் போனில், அதுவும் ஸ்பீக்கரில், அப்பாவும் பூனையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னது இது: “எங்கக்கா பத்து நிமிஷம் ஒரு ஆளைத் திட்டாம உக்காந்திருந்துட்டா நான் என் மீசையையே எடுத்துடறேன்.” அம்மா அப்போது தேர்வில் தோற்றுவிட்டு வந்து சோபாவில் சுருண்டு கிடந்தாள். நீங்கள் சிரிக்க வைக்கத்தான் சொன்னீர்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான். வழக்கு என்று வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

அம்மா பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் தட்டு அடுக்கினாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு: உப்பு குறைவு, சர்க்கரை இல்லை, கஞ்சி மட்டும். சீட்டு எழுதுகிறவர் மாடியில் வெள்ளைக் கோட்டோடு இருப்பார். ஒருநாள் அம்மா, “எழுதறவங்க எழுதுறாங்க, நான் அடுக்குறேன். நானே எழுதுனா என்னவாம்?” என்று கேட்டுவிட்டு, பீரோவில் இருபது வருஷமாகத் தூங்கிய தன் டிகிரியைத் தட்டி எழுப்பி, மேற்படிப்பில் சேர்ந்து, ஆறு மாதம் வார்டு வார்டாகப் பயிற்சி எடுத்தாள். அவள் பத்தியம் படிக்கப் போனாள், எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. புரதம் கூடியது, அப்பாவுக்கு விரதம் கூடியது. எழுத்துத் தேர்வில் அம்மாதான் முதல். செய்முறையில்தான் சறுக்கல். நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை என்னென்ன சாப்பிட்டார் என்று நோயாளியிடம் கேட்டு எழுத வேண்டும். முகத்தில் மெச்சலும் தெரியக்கூடாது, முறைப்பும் தெரியக்கூடாது. திட்டு வாங்கிய நோயாளி பொய் சொல்வான், பொய்யை வைத்துப் பத்தியம் எழுதினால் அவன் உடம்புதான் கெடும் என்பது கணக்கு. ஆளை எடை போடலாம், எடையை வைத்து ஆளை மட்டம் தட்டக்கூடாது! அம்மா என்ன செய்தாள்? நோயாளி நாலாவது ஐட்டம் சொல்லும்போதே புருவம் நெற்றி ஏறி, “அது வயிறா, கோணிப்பையா?” என்று கேட்டுவிட்டாள். தேர்வாளரின் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொரு தடவை தோற்றால் அந்த ஆறு மாதப் பயிற்சியும் முதலிலிருந்து. அதற்குள் மாடியில் சீட்டு எழுதுகிறவருக்கென்று காலியாக இருந்த ஒரே நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். இந்த நிலையில்தான் அடியேன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றேன். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நோயாளியாக நான். அம்மாவின் இரண்டு புருவத்துக்கும் மேலே எச்சில் தொட்டு ஒவ்வொரு காகிதத் துண்டு ஒட்டினேன். துண்டு விழுந்தால் தோல்வி. நோயாளியிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்பது விதி, ஆகவே என் பதினாறு வருஷ வாழ்க்கையில் முதன்முறையாக அம்மா என்னை ‘நீங்க’ என்றாள்.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“ரெண்டு ரொட்டி. அம்மா குடுத்துவிட்ட கேரட்டைப் பக்கத்து வீட்டு முயலுக்குப் போட்டுட்டேன்.”

இரண்டு துண்டும் ஒரே சமயத்தில் பறந்தன. “தினமுமாடி?” என்று அம்மா கரண்டியைத் தேடினாள். முதல் நாள் அப்படி. ஆனால் பத்து நாளில் துண்டு கொஞ்சம் நடுங்குவதோடு சரி. அப்போதுதான் மாமா, எனக்கு ஒரு பேருண்மை உறைத்தது. இந்த மேஜையில் என்ன சொன்னாலும் அம்மாவால் திட்ட முடியாது! உடனே கடையை விரித்தேன்.

“மத்தியானம் ஒரு ஐஸ்கிரீம். அப்புறம், அந்த ஜன்னல் கண்ணாடி காத்துல உடையல. நான் அடிச்ச பந்துல உடைஞ்சது.”

அம்மா கண் சிமிட்டவில்லை. “ஐஸ்கிரீம் கண்ணாடி உடையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி. பயத்துல.”

“சின்னக் கப்பா, பெரிய கப்பா?”

இதை வாசல் மறைவிலிருந்து கேட்ட அப்பா மறுநாளே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாகச் சர்க்கரையைக் கண்ணாலும் பார்க்காத உத்தமர். “பேக்கரி வாசல்ல நான் நிறுத்தறதில்லம்மா, வண்டி தானா நின்னுடுது,” என்று ஆரம்பித்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் களஞ்சியம் வரை ஒப்புவித்தார். அம்மாவின் காதுமடல் சிவந்தது. துண்டு விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அதே மெல்லிய குரல்: “வேற ஏதாவது?” கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த மௌனம் இருக்கிறதே மாமா, காலி பாத்திரம் மாதிரி, எதையாவது ஊற்றாமல் நமக்கு இருப்புக்கொள்ளாது.

ஆனால் ஒன்று மட்டும் சத்தியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் ஆபீஸ் விழாவுக்காக அம்மா செய்து வைத்த மூன்றடுக்கு கேக்கைப் பின்பக்கமாகக் குடைந்து தின்றுவிட்டு, முன்பக்கத்தைச் சுவர் மாதிரி நிற்க விட்ட பெருமகனார் யார், காவல் நின்று பங்கு வாங்கியது யார், இன்று வரை அந்தப் பழியைச் சுமக்கும் பூனை எவ்வளவு அப்பாவி என்பதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கேக்குக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கிரீமோடு நின்ற உங்களை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டவள் நான். காட்டிக்கொடுப்பேனா?

தேர்வு அன்று நானும் அப்பாவும் வெளியே நின்றோம். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. சத்தம் கேட்காது, புருவம் தெரியும். அது போதுமே! நோயாளியாக வந்தவர் ஒரு லாரி டிரைவர். அவர் கையால் அளவு காட்டுகிறார், கை அகலமாகிறது, இன்னும் அகலமாகிறது, அம்மா அளவு காட்டுவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் முட்டையையும் கரண்டிகளையும் அவர் பக்கம் நகர்த்துகிறாள், புருவம் அசையவில்லை. அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கடைசியில் அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியாதா? டிரைவர் கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அப்புறம் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் அவரே எங்களிடம் சொன்னார்: “பதினஞ்சு வருஷமா எல்லா டாக்டருக்கும் பொய்தாங்க சொல்லியிருக்கேன். இந்தம்மா ஒன்னுமே சொல்லாம பாத்துக்கிட்டே இருந்தாங்களா, சீட்டுக்கடியில வச்சிருக்கிற இனிப்புப் பால் டின்னு வரைக்கும் சொல்லிட்டேன். அது என் பொண்டாட்டிக்கே தெரியாது. இப்ப என்னமோ உடம்பே லேசா இருக்கு.”

தேர்ச்சி, மாமா! அம்மா அதே கல் முகத்தோடு படியிறங்கி, வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்த இரண்டு புருவத்தையும் ஒரே தூக்காகத் தூக்கி, “அம்மாடியோவ்!” என்றாள். என்னம்மா என்றால், “நோயாளி ரகசியம், சொல்லக்கூடாது,” என்றாள். அப்புறம் அழுதாள், சிரித்தாள், எங்கள் இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். சின்னக் கப்.

திங்கட்கிழமை மாடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதிய முதல் சீட்டு கீழே போனதும் சமையற்கூடத்திலிருந்து பழைய கூட்டாளி அக்கா கத்தினாராம்: “யாருடி இது, படிச்சா புரியிற மாதிரி எழுதியிருக்கிறது?” வெள்ளைக் கோட்டில் பேர் அட்டை மாட்டியிருக்கிறாள். அப்பா அந்த அட்டையை மட்டும் நாற்பது போட்டோ எடுத்திருக்கிறார். எதிலும் அம்மா முகம் இல்லை.

ஆகவே மாமா, நீங்கள் சொன்ன பத்து நிமிஷத்தை அம்மா தாண்டிவிட்டதால் மீசை எங்களுக்குச் சேர வேண்டியது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உறையில் போட்டு அனுப்பினாலும் சரி, நேரில் வந்து ஒப்படைத்தாலும் சரி. பயப்படாமல் வாருங்கள், இங்கே இப்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை.

பூனையின் அன்பும், அப்பாவின் விசாரிப்பும், அம்மாவின் ஆரோக்கிய ஆசியும் உங்களுக்கு உரித்தாகுக.

இப்படிக்கு,
மீசை மீட்புக் குழுவின் தலைவியும் உங்கள் மருமகளுமான
வாலு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா வந்தாள். கடிதத்தைத் தொடக்கூட இல்லை. எதிரே உட்கார்ந்து, “யாருக்கு எழுதறீங்க?” என்றாள். மாமாவுக்கு என்றேன். “வேற ஏதாவது?” என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை மன்னித்துவிடுங்கள் மாமா, கேக் முழுவதும் வெளியே வந்துவிட்டது. திட்டவே இல்லை. உங்களுக்கு எத்தனை துண்டு, எனக்கு எத்தனை துண்டு என்று அளவு மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். பூனைக்கு ஒரு முழு மீன் வைத்து மன்னிப்புக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதும் படிவத்தோடு அங்கே வருகிறாள். மீசையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பந்தயத்துக்காக இல்லை. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கட்டும்.