மிஸ்ஸிங் ராவுத்தரின் நாலு சிலிண்டர்

கார் என்ஜினுக்கு நாடி பிடித்துப் பார்ப்பதில் எங்கள் மிஸ்ஸிங் ராவுத்தரை மிஞ்ச கொடைக்கானலில் என்ன, இந்த லோகத்திலேயே ஆள் கிடையாது. பார்த்தாரே தவிர, ஒரு தடவைகூட நோயைக் கண்டுபிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நாயுடுபுரத்தில் அவருக்குப் பிளம்ஸ், பேரிக்காய் மொத்த வியாபாரம். ஐம்பதுகளின் கடைசியில், சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவரிடம் ஒரு பழைய காரை வாங்கினார். வீட்டுக்கும் கடைக்கும் தினமும் அதில்தான் சவாரி. வாங்கிய நாளிலிருந்து என்ஜின் திக்கித் திக்கி ஓடியது. மெக்கானிக் பாஷையில் அதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். அந்தப் பெயர் காரோடு நிற்காமல் ராவுத்தருக்கும் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், மலையிறங்கி வத்தலக்குண்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் கார் சமர்த்தாக ஓடும்.

"நல்லாத்தானே ஓடுது ராவுத்தரே? சும்மா சும்மா வந்து என் சோலியக் கெடுக்குறீங்களே!" என்பார் மெக்கானிக்.

மறுநாள் காலை கொடைக்கானலில் பழையபடி திக்கும். "கீழ போனா நல்ல புள்ள வேசம் போடுது. எங்கிட்ட மட்டுந்தான் இம்புட்டுத் திமிரு," என்று ராவுத்தர் கறுவுவார்.

ஆகவே தாமே வைத்தியரானார். என்ஜின் ஓடும்போது நாலு சிலிண்டரின் பிளக் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். சத்தம் மோசமானால் அந்தச் சிலிண்டர் நிரபராதி. மாறாவிட்டால் அதுதான் குற்றவாளி. தீர்ப்புச் சொல்லத் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் ஜூரி. கான்வென்ட் சிஸ்டர் ஒருவரையே நிறுத்தி, "சிஸ்டர், மூணா, நாலா?" என்று கேட்ட மனிதர் அவர். அந்த அம்மாள் அதற்கப்புறம் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

எனக்கு மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். காலையிலேயே முகூர்த்தம். "எங்கார் இருக்கையில உனக்கு பஸ் எதுக்கு மாப்ளே?" என்றார் ராவுத்தர். நானும் புத்திகெட்டுத் தலையாட்டினேன்.

வெள்ளனே கிளம்பினோம். அப்பாவும் சித்தப்பாவும் பின்சீட்டில். பெருமாள்மலை தாண்டியதும் ஒரே மூடுபனி. கார் திக்கியது. ராவுத்தர் ஓரங்கட்டிவிட்டார்.

"ஏன் மாமா நிறுத்துறீங்க?"

"இன்னுங் கொஞ்சம் எறங்கினா நோய் ஒளிஞ்சுக்கும் மாப்ளே. இன்னிக்கு நாலு பேரு, எட்டுக் காது இருக்கு. விடுவேனா?"

பானெட் திறந்தது. அப்பா ரெண்டாவது சிலிண்டர் என்றார். சித்தப்பா மூணாவது என்றார். "எனக்கென்ன காது செவிடா?" என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, முகூர்த்தம் தவறினா பொண்ண வேற எவனுக்காச்சும் கட்டி வச்சிருவாங்க!"

"வெரசா முடிச்சிர்றேன்," என்று வயரில் கை வைத்தவர், "யா அல்லா!" என்று துள்ளினார். சரியான ஷாக். அரையிருட்டில் எட்டிப் பார்த்தோம். நாலு வயரின் மேலேயும் நீலப்பொறி தாவிக்கொண்டிருந்தது.

"ஏலே, கோளாறு சிலிண்டர்ல இல்லலே! வயரு பூரா வெடிச்சு, பனியில நனைஞ்சு கெடக்கு! கீழ போனா வெயில்ல காஞ்சிருது, கள்ளப்பய!"

என்ஜினை அணைத்தார். துடைக்க உலர்ந்த துணி வேண்டும். எங்கள் உடம்பில் இருந்ததெல்லாம் ஈரம். பெட்டியில் என் பட்டு அங்கவஸ்திரம் இருந்தது. "ஐயோ, அது முகூர்த்தத்துக்கு!" என்று அப்பா அலறுவதற்குள் ராவுத்தர் துடைத்து முடித்துவிட்டார்.

கார் பறந்தது. கரி பூசிய பட்டோடு நேரத்துக்குத் தாலி கட்டினேன். "மூணாவதுதான்" என்று சித்தப்பா பந்தியில் வரிசையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ராவுத்தரோ மத்தியானமே வத்தலக்குண்டு போய்ப் புது வயர் மாட்டி வந்துவிட்டார்.

சாயங்காலம் என்னையும் புதுப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு மலையேறினார். மூடுபனி வந்தது. கார் திக்கவே இல்லை. ஆனாலும் என்ஜினை ஓடவிட்டு ஓரங்கட்டி இறங்கி, பானெட்டைத் திறந்துகொண்டு நின்றார்.

"என்ன மாமா, மறுபடியுமா?"

"இல்ல மாப்ளே. ஒண்ணுமே கேக்கல. அதான் ஒருமாதிரியாக் கெடக்கு."

பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத என் மனைவி, கூறைப்புடவையோடு இறங்கிப் போய் என்ஜின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"எனக்கென்னமோ மூணாவது மேலதான் சந்தேகமா இருக்கு மாமா," என்றாள்.

"பாத்தியா மாப்ளே! தாயிக்கு என்னா காது!" என்று ராவுத்தர் முகமெல்லாம் பல்லாகச் சட்டைக்கையை மடித்தார்.

பனியில் நடுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தேன். ராவுத்தரை எனக்கு எப்போதுமே பிடிக்கும். என் மனைவியைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.