செஞ்சியில் நான் அமைத்த நெட்வொர்க்

நான் என்ன படித்தேன் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கத்தோலிக்க அறநெறி இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தபோது, "அது இன்னா நோய்க்குப் பாக்குறது?" என்று கேட்டார் நைனா. எது சரி, எது தப்பு என்று யோசிக்கிற படிப்பு என்றேன். "இதுக்கு எதுக்கு காலேஜி? என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

இந்த லட்சணத்தில், என்னைப் போலவே வீட்டாருக்கு விளங்காத இந்தப் படிப்பைப் படித்தவர்களை உலகம் முழுக்கத் தேடிப்பிடித்து இணைக்கிற வேலை ஒன்று தொடங்கியது. பொறுப்பாளர் ஒரு பிரேசில் பேராசிரியை. தெற்காசியப் பிரிவை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்கச் சென்னைக்கு வந்தவரிடம், "எங்கள் ஊருக்கு வாருங்கள், சாதாரண மக்களோடு பேசலாம்" என்று வாயை விட்டேன். (முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் மட்டும் முழு வளர்ச்சி.)

மண்டபம், சாப்பாடு, பேனர் எல்லாம் தம்பி பொறுப்பு. கூட்டத்தன்று காலையில் பேராசிரியையையும் கூட வந்த போலந்துப் பாதிரியாரையும் ராஜகிரிக் கோட்டையில் ஏற்றி இறக்கி மண்டபத்துக்கு அழைத்து வந்தால், திருவிழாக் கூட்டம்! எங்கள் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் அன்றுகூட இவ்வளவு பேர் வருவதில்லை. பெருமையில் பேனரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்து, "உங்க கஷ்டம் எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க" என்றேன்.

அனந்தபுரத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "எவ்ளோ கூப்ட்டாலும் போவ மாட்டேங்குதும்மா. வூட்டுக்குள்ள சுத்தமா கெடையாது. மலைமேல ஏறுனாதான் கொஞ்சம் கெடைக்குது."

ஜெபத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் இல்லை, மலைமேல் ஏறித்தான் தேடுகிறேன்" என்று உருக்கமாக ஆங்கிலத்தில் சொன்னேன். போலந்துப் பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு அம்மா. "நானும் ரெண்டு மாத்திப் பாத்துட்டேன். எதுவும் சரியில்ல. மூணாவதுக்குப் போயிடலாமான்னு இருக்குது."

மதம் மாறுவதைப் புடவை மாற்றுவதுபோலச் சொல்கிறாரே! குழப்பத்தோடு மொழிபெயர்த்தேன். முதலாவதை ஏன் விட்டீர்கள் என்று பேராசிரியை கனிவாகக் கேட்டார்.

"ஆஃபர் முடிஞ்சிட்ச்சி" என்றார் அந்த அம்மா.

தம்பியைப் பார்த்தேன். அவன் பேனரைப் பார்த்தான். 'செஞ்சியில் சர்வதேச நெட்வொர்க்! அனைவரும் வருக!'

"இன்னாடா இது? கத்தோலிக்க அறநெறி இறையியலாளர் எங்கடா?"

"அத்தப் போட்டா எழுத்து பொடிசாயிடும்னு பிளெக்ஸ் கடையில சொன்னாங்கக்கா. ஜனம் வரணும்னு நீதான சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர், "டவர எங்க மாடியில வைங்க, வாடகை பேசிக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "எம் மருமவ மாசமா இருக்கா! டவர்லேந்து வர்ற கதிரு வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்றாங்க. எங்க வூட்டாண்ட வைக்கக் கூடாது!"

"எம் மாடி. கேக்கறதுக்கு நீ யாரு?"

ஒரு நாற்காலி சாய்ந்தது. மைக் கைமாறி கைமாறிக் கத்தியது. எல்லாம் போச்சு என்று பேராசிரியையிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அவர் மாடி, இவர் பயம். யார் பேச்சு எடுபட வேண்டும்? இதைப் பேசத்தானே நாம் சேர்கிறோம்?" என்று சொல்லி, நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பொழுது சாயும்வரை மொழிபெயர்த்தேன். இருவரும் ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை. சாப்பாட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அது வெற்றியா தோல்வியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெற்காசியப் பிரிவு மட்டும் என் தலையில் விழுந்தது. கூட்டம் சேர்க்கத் தெரிந்த ஒரே இறையியலாளர் நான்தானாம்.

அதன்பிறகு தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டாரிடம் நைனா, "எம் பொண்ணு. உலகம் பூரா நெட்வொர்க்கு இவதான்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். சம்பந்தியம்மா உடனே போனை நீட்டினார். "காத்தாலேந்து யாருக்கும் போவலம்மா. கொஞ்சம் பாரேன்." மறுக்கத்தான் வாயெடுத்தேன். போன் ஏரோபிளேன் மோடில் கிடந்தது. தட்டிவிட்டேன். உடனே மணி அடித்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் போன் மக்கர் பண்ணினாலும் கடைக்குக் கொண்டுபோவதில்லை. நான் ஊருக்கு வரும்வரை பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஒரு டிவி ரிமோட்டும் சேர்ந்திருந்தது.